சீசரிடம் நிர்வாகம் படிக்கிறார்களாம்

முந்தாநாள் அந்தப் பதிவின் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசரிடமிருந்து ஏழு நிர்வாகப் பாடங்கள் என்று ஒருவர் போட்ட பதிவு! நான் போட்டது ஒரே வரி. அலேசியாவில் பட்டினியில் செத்தவர்கள் எட்டாவது பாடமா என்று கேட்டேன். நாற்பது சிரிப்புக் குறி. சாயங்காலம் பார்த்தால் கமெண்டையே காணோம். சரி, அவர் சுவர், அவர் அழிப்பார். இது என் சுவர்.

கி.மு. 52. இன்றைய பிரான்ஸ் அன்றைக்கு கால் நாடு, சீசர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரை எதிர்த்த கால் மக்களின் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ், அலேசியா என்ற மலைமேல் ஊருக்குள் படையோடு இருக்கிறான். சீசர் ஊரைச் சுற்றி ஓர் அரண் கட்டுகிறார், உதவிக்கு வரும் படையைத் தடுக்க வெளியே இன்னொன்று. உள்ளே தானியம் தீர்கிறது. அந்த ஊர் மாந்துபியர்கள் என்ற கால் இனத்தாருடையது, படைக்கு இடம் கொடுத்தவர்களே அவர்கள்தான். அவர்களைத்தான் முதலில் வெளியேற்றினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு ரோமானிய அரண் வரை வந்து அழுதார்கள். அடிமையாகவாவது எடுத்துக்கொள்ளுங்கள், சோறு போடுங்கள் என்றார்கள். சீசர் காவல் போட்டு, ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்றார். எதிரி கட்டிய கதை இல்லை இது. சீசரே எழுதியது, தன்னைப் படர்க்கையில் வைத்து, கணக்குப்பிள்ளை மாதிரி. அவர்கள் என்ன ஆனார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. ஊருக்கும் அரணுக்கும் நடுவிலேயே செத்தார்கள் என்று பின்னால் வந்த ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதினார்.

2018-ல் பாரிசிலிருக்கும் அத்தான் என்னைக் காரில் அங்கே கூட்டிப்போனார். அரணில் ஒரு துண்டைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளம், மண்மேடு, கூர் சீவிய கழிகள். குழிக்குள் முளை நட்டுத் தழை போட்டு மூடுவார்களாம். சிப்பாய்கள் அதற்கு வைத்த பேர் லில்லிப் பூ. அத்தான் சான்ட்விச்சை நீட்டினார். அங்கே நின்று தின்ன முடியவில்லை. ஓவர் ஆக்டிங் என்பீர்கள், சொல்லுங்கள்.

"விரட்டியது வெர்சிங்கெடோரிக்ஸ் ஆட்கள்தானே?" ஆமாம். ஆனால் அவர்களிடம் யாரும் நிர்வாகம் படிக்கவில்லையே.

"அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்." அப்படியா? கி.மு. 55-ல் பேச வந்த ஜெர்மானியத் தலைவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு அவர்கள் முகாமில் புகுந்து வெட்டினார் சீசர். அவரை அந்த ஜெர்மானியர்களிடமே ஒப்படையுங்கள் என்று ரோமிலேயே கேட்டோ என்ற செனட்டர் சொன்னார். கேட்டோவுக்கு சீசரைப் பிடிக்காது, தெரியும். அதனால் சொன்னது பொய்யாகிவிடுமா?

"சாலை போட்டார்களே?" போட்டார்கள். அவாரிக்கம் என்ற கால் ஊரைப் பிடித்தபோது 40,000 பேரில் தப்பியது சுமார் 800 என்று அவரே எழுதுகிறார். ஊதிச் சொன்ன கணக்காக இருக்கலாம். ஊதிப் பெருமைப்பட்டதுதான் எனக்கு இன்னும் மோசமாகப் படுகிறது. உக்செல்லோடுனம் என்ற இன்னொரு கால் ஊரில் ஆயுதம் எடுத்தவர்களின் கைகளை வெட்டி, மற்றவர்கள் பார்க்கட்டும் என்று உயிரோடு விட்டார்கள். இது எந்தப் பாடம், பணியாளர் ஊக்குவிப்பா?

உண்மையில் என்னை உறுத்துவது சீசர்கூட இல்லை. அந்தப் பதிவில் என்னைப் பற்றி "இவனுக்கு எதிலும் குறைதான்" என்று எழுதினாரே, அவர் பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. ஆட்குறைப்பில் என் பேர் வந்த அன்றைக்கு, இந்த மாதிரி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த மேலாளர் "கடினமான முடிவு" என்றார். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே என் டிபன் பாக்ஸ் இருந்தது, எடுக்க விடவில்லை. அதையும் இதையும் ஒப்பிடுகிறேனா? இல்லை. ஒப்பிட்டால்தான் என்ன?

பக்கத்து மேசைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வரட்டும். மீன்குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.