கம்பைல் ஆகும் இடத்திலேயேவா ஓடப்போகிறது?

லைப்ரரி எழுதிப் பொதுவில் வைக்கும் புண்ணியவான்களே, உங்கள் கோடு எந்தச் சிப்பில் ஓடப்போகிறது என்று நான்தான் தெளிவாகச் சொல்கிறேனே. அதற்கு மேலும் என் லேப்டாப்பை நோண்டிப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது யார்?

நான் அனுப்பப்போவது ஆர்ம் வகைச் சிப் உள்ள ஒரு சின்னப் போர்டுக்கு. 64 எம்பி ரேம், 16 எம்பி ஃபிளாஷ். அதில், கோடைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரான ஜிசிசியை அவிழ்த்துப் போடக்கூட இடம் கிடையாது. அதனால் எக்ஸ்86 என்ற வேறு வகைச் சிப் உள்ள என் கணினியில் உட்கார்ந்து, ஆர்மில் ஓடும் பைனரியை உருவாக்க வேண்டும். கிராஸ் கம்பைல் என்பது இவ்வளவுதான். நேற்று முளைத்த விபரீத ஆசை ஒன்றும் இல்லை. ரௌட்டர், கேமரா, டிவி என்று வீட்டில் கண் சிமிட்டும் பெட்டிகளுக்கெல்லாம் மென்பொருள் இப்படித்தான் போகிறது. ஆனாலும் ஒவ்வொரு லைப்ரரியின் பில்டு ஸ்கிரிப்டும் இப்படி ஒன்றை வாழ்க்கையில் இன்றுதான் கேள்விப்பட்டது போல முழிக்கிறது.

பில்டு கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்தால், எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி என்ற இடத்தில் ஜிசிசி என்று ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். என்விரான்மென்ட்டில் நான் எதை வைத்தாலும் மேக்ஃபைலில் எழுதியதுதான் ஜெயிக்கும். சரி, கட்டளை வரியிலேயே கொடுத்து மடக்கலாம் என்றால், உள்ளே இருக்கும் துணை அடைவுக்கு அந்த மதிப்பு போய்ச் சேராத மாதிரி இன்னொரு ஸ்கிரிப்டு. ஏஆர், ரேன்லிப், ஸ்ட்ரிப் என்று கம்பைலரோடு வரும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இதே கதை. நடுவில் எவரோ வேகம் வேண்டும் என்று எம்ஆர்க்=நேட்டிவ், அதாவது கட்டும் கணினியின் சிப்புக்கே ஏற்றபடி கட்டு என்று சேர்த்துவிட்டுப் போயிருப்பார். என் கிராஸ் கம்பைலர் அதைப் பார்த்ததும் புரியவில்லை என்று நின்றுவிடும். அது தேவலை. நின்றால் திருத்திக்கொள்ளலாம்.

எனக்கு வயிறு எரிவது நிற்காமல் போகும் ஸ்கிரிப்டுகளைப் பார்த்துத்தான். இது என்ன இயந்திரம் என்று சொல்லும் யூநேம் கட்டளையை ஓட்டி, எக்ஸ்86_64 என்று பதில் வந்ததும், ஓ இது ஆர்ம் இல்லை என்று முடிவு கட்டி, ஆர்மின் நியான் வசதிக்காக எழுதிய வேகப் பகுதியைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. பில்டு வெற்றி. போர்டில் போட்டால் லைப்ரரி வேலையும் செய்யும், ஆனால் தவழும். பல வாரம் கழித்து, படம் ஏன் இப்படித் திக்கித் திணறுகிறது என்று புகார் வரும்போது, இதைத் தேடிக்கொண்டு யார் மேக்ஃபைல் வரைக்கும் போவார்கள்? சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் தன் மார்பையே அளந்து தைத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது இது.

பில்டு ஸ்கிரிப்டைத் தானே உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃபைப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் பரவாயில்லை என்று நினைப்பேன். ஹோஸ்ட், அதாவது ஓடப்போகும் இயந்திரம், எது என்று சொன்னால் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளும். ஆனால் பாதி வழியில், கிராஸ் கம்பைல் செய்யும்போது சோதனை நிரலை ஓட்ட முடியாது என்று கையை விரிக்கும். ஆமாம், முடியாதுதான். ஆர்ம் பைனரியை இங்கே எப்படி ஓட்டுவாய்? கேள்வி, எதற்காக ஓட்டப் பார்த்தாய் என்பது. ஒரு டேட்டா டைப்பின் அளவு எத்தனை பைட் என்பதை ஓட்டாமலே, கம்பைல் ஆகிறதா இல்லையா என்பதை வைத்தே கண்டுபிடிக்கும் வசதி ஆட்டோகான்ஃபிலேயே இருக்கிறது. பைட் வரிசையைக் கம்பைலரின் மேக்ரோவே சொல்லிவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு, தானே ஒரு குட்டி நிரல் எழுதி ஓட்டிப் பார்ப்பேன் என்று அடம். பழைய ஸ்கிரிப்டுகளில், நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் ஃபங்ஷனுக்கான சோதனை இன்னும் மோசம். ஓட்ட முடியவில்லையா, அப்படியென்றால் மாலாக் சரியில்லை என்று தானே தீர்ப்பு எழுதி, ஆர்பிஎல்_மாலாக் என்று ஒன்றைக் கூப்பிடும். அப்படி ஒரு ஃபங்ஷனை அந்த லைப்ரரியில் யாரும் எழுதியே இருக்க மாட்டார்கள். துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர் வந்து அது எங்கே என்று கேட்கும். அப்புறம் நான் போய் ஏசி_சிவி என்று ஆரம்பிக்கும், சோதனை முடிவை வைக்கும் கேஷ் மாறிக்கு யெஸ் என்று கையால் எழுதி, ஐயா, லினக்ஸில் மாலாக் நன்றாகத்தான் இருக்கிறது என்று சாட்சி சொல்ல வேண்டும்.

எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பாத் என்று முடியும் மாறியில் என் சிஸ்ரூட்டின், அதாவது போர்டின் ஃபைல்களுக்கு லேப்டாப்பில் வைத்திருக்கும் நகலின், அடைவைக் கொடுத்தால், அதை முதலில் பார்க்கும், இல்லாவிட்டால் என் லேப்டாப்பில் நிறுவியிருப்பதையும் பார்க்கும். லேப்டாப்பை மறந்துவிடு என்று சொல்ல வேண்டுமானால் லிப்டிர் என்று முடியும் மாறியை வைக்க வேண்டும். கூடவே சிஸ்ரூட் எது என்று தனியாக ஒரு மாறி. இதைத் தெரியாமல் பாத்தை மட்டும் வைத்தவர்களுக்கு, போர்டில் இல்லாத லைப்ரரி எல்லாம் இருக்கிறது என்று பதில் வரும். லிங்க்கர் வடிவம் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டால் தப்பித்தோம். ஆனால் ஹெடர் ஃபைலுக்கு வடிவம் ஏது? 64 பிட் லேப்டாப்புக்காக உருவாக்கிய கான்ஃபிக் ஹெடரை 32 பிட் ஆர்ம் கம்பைலர் சமர்த்தாக வாங்கி வைத்துக்கொள்ளும். அதில் லாங் என்ற எண் வகை 8 பைட் என்று எழுதியிருக்கும், போர்டில் அது 4 பைட். இந்த ஆபத்து தெரிந்துதான் இப்படிப்பட்ட போர்டுகளுக்கு லினக்ஸையே கட்டித் தரும் பில்ட்ரூட்டின், கம்பைலரைச் சுற்றிய உறை நிரல், லேப்டாப்பின் ஹெடர்கள் இருக்கும் யூஎஸ்ஆர் இன்க்ளூட் என்ற பாதையைக் கண்டாலே பில்டை நிறுத்துகிறது. அந்தப் பாதையை மேக்ஃபைலில் நேரடியாக எழுதி வைக்கிறவர்களுக்கு அது கடுமையாகத் தெரிகிறதாம். தெரியட்டும்.

இவ்வளவும் தாண்டி ஒரு பைனரி கையில் வரும். போர்டில் கொண்டுபோய் ஓட்டினால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. எல்எஸ் போட்டால் ஃபைல் கண் முன்னால் இருக்கிறது! காணாமல் போனது அந்த ஃபைல் இல்லை, அது தேடும், லைப்ரரிகளை ஏற்றிக் கொடுக்கும் டைனமிக் லோடர். ஜிலிப்சி, மஸ்ல் இரண்டும் லினக்ஸில் எல்லா நிரலுக்கும் அடியில் இருக்கும் சி லைப்ரரிகள். ஜிலிப்சிக்காகக் கட்டியதை மஸ்ல் இருக்கும் போர்டில் போட்டால் கெர்னல் சொல்லும் பதில் இதுதான். எந்த ஃபைல் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இரண்டு பக்கமும் ஜிலிப்சிதான் என்றாலும் நிம்மதி இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த அதன் 2.34 பதிப்பு, தனியாக இருந்த த்ரெட் லைப்ரரியை லிப்சி என்ற முக்கிய ஃபைலுக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த டூல்செயினில், அதாவது கம்பைலர், லிங்க்கர் அடங்கிய கருவித் தொகுப்பில், கட்டிய சாதாரண நிரல்கூட, பழைய ஜிலிப்சி இருக்கும் போர்டில் 2.34 எங்கே என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். இதில் இன்னொரு கூத்து, ஆர்மிலேயே எல்லாம் ஒன்று இல்லை. டெபியன் லினக்ஸின் ஆர்ம் பதிப்புகளில் ஒன்றான ஆர்ம்ஹெச்எஃப் எதிர்பார்ப்பது ஆர்ம்வி7 சிப். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பை ஆர்ம்வி6. டெபியன் டூல்செயினில் கட்டி அதில் போட்டால், சிப்புக்குப் புரியாத கட்டளை என்று பிழை: இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன். கம்பைலருக்கு ஆர்ம்வி6 என்று கொடி (ஃபிளாக்) கொடுத்தாலும் போதாது, ஏனென்றால் கூடவே லிங்க் ஆகும் தொடக்க ஆப்ஜெக்ட் ஃபைல்கள் ஏற்கெனவே வி7க்குக் கட்டியவை.

பேக்கேஜிங்குக்கு வருவோம். மேக் இன்ஸ்டால் என்றால் ஃபைல்களை நான் சொன்ன அடைவில் வை என்று அர்த்தம். டெஸ்ட்டிர் என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. அதை மதிக்காமல் நேராக என் யூஎஸ்ஆர் லோக்கலில் எழுதப் பார்க்கும் லைப்ரரிகள் உண்டு. மதித்துவிட்டு, கடைசி வரியில் எல்டிகான்ஃபிக் ஓட்டுகிறவையும் உண்டு. போர்டுக்கான லைப்ரரியை நிறுவியதற்கு என் லேப்டாப்பின் லோடர் கேஷை எதற்கப்பா புதுப்பிக்கிறாய்? இன்ஸ்டால் கட்டளையோடு ஸ்ட்ரிப் கொடியைச் சேர்த்து வைத்தால் எக்ஸ்86 ஸ்ட்ரிப் வந்து ஆர்ம் ஃபைலைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை என்கிறது. எல்லாம் முடிந்து, பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் பிசி ஃபைலைத் திறந்து பார்த்தால் என் ஹோம் அடைவின் முழுப் பாதை அதில் உட்கார்ந்திருக்கிறது. லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று பைனரிக்குள் எழுதும் ஆர்பாத்திலும் அதே பாதை. உலகம் முழுக்கப் போகும் பெட்டிக்குள் என் யூசர் பெயர்!

இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தி, பேட்ச் எழுதி, மரியாதையாக அனுப்பினேன். போர்டிலேயே நேரடியாகக் கம்பைல் செய்துகொள்ளலாமே என்று ஒரு வரியில் பதில் வந்தது. 16 எம்பி ஃபிளாஷில். பேட்ச் இன்னும் அப்படியே கிடக்கிறது. இதற்கிடையே புது வெளியீடு வந்துவிட்டது. ஆட்டோகான்ஃப் அடங்கிய ஆட்டோடூல்ஸை விட்டு, சிமேக் என்ற வேறு பில்டு கருவிக்கு மாறிவிட்டார்களாம், அதனால் என் பேட்சில் ஒரு வரிகூட ஒட்டாது. புதுச் சிமேக் ஃபைலைத் திறந்தேன். நடுவில், சோதனை நிரலை ஓட்டிப் பார்க்கும் ட்ரை_ரன் நிற்கிறது.