கம்ப்யூட்டருக்கு விலை இருக்கு, கேசட்டுக்கு இல்லை

பழைய ஹோம் கம்ப்யூட்டர்களின் விலை இப்படி ஏறுகிறதே, இதெல்லாம் நியாயமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விலை ஏறுவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

1980களில் வந்தவை இவை. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடங்கிவிடும். வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ளலாம். எழுதிய புரோகிராமைச் சாதாரண டேப் ரெக்கார்டர் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். 1982ல் இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம், 16 கிலோபைட் மெமரியோடு, 125 பவுண்டுக்கு வந்தது. அதே வருடம் அமெரிக்காவில் கொமடோர் 64 வந்தபோது விலை 595 டாலர். பிறகு மலிந்தன, பரணுக்குப் போயின, குப்பைக்கும் போயின. இனி அந்தக் காலத்து மெஷின் ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை. சின்க்ளேர் 1986லேயே கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் விற்றுவிட்டது, கொமடோர் 1994ல் திவாலானது. அன்றைக்குக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஏங்கிய பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது, கையில் காசும் இருக்கிறது. விலை ஏறத்தானே செய்யும்?

ஆனால் எல்லாப் பழைய மெஷினும் புதையல் என்று ஒரு நினைப்பு பரவிவிட்டது. 1976ல் 666.66 டாலருக்கு விற்ற ஆப்பிள்-1 ஒன்றை 2014ல் ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலர் கொடுத்து எடுத்தது. அது உண்மைதான். ஆனால் ஆப்பிள்-1 மொத்தமே சுமார் 200தான் செய்தார்கள். கொமடோர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், காய்ந்துபோன கீபோர்டு மெஷின் ஒன்றைக் காட்டி அண்ணாச்சி நாற்பதாயிரம் சொன்னார். "ஓடுமா அண்ணாச்சி?" என்றேன். "ஓடுதோ ஓடலையோ, நெட்டுல அவ்வளவு போட்டிருக்கான்லா" என்றார். அவர் பார்த்தது விற்பவர் கேட்கும் விலை. ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ‘விற்றுப்போனவை’ என்று தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் நிலவரம் வேறாக இருக்கும். வாங்குகிறவர்கள் தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

‘டெஸ்ட் செய்யவில்லை’ என்று போட்டு விற்பதை நான் நம்புவதே இல்லை. ஓடியிருந்தால் ஓடுகிறது என்றே எழுதியிருப்பார்கள். வாங்கிய பிறகும் அப்படியே பிளக்கில் சொருகக் கூடாது. பிபிசி மைக்ரோ என்ற அந்தக் காலத்து இங்கிலாந்து கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் மஞ்சள் நிறத்தில், கண்ணாடி போன்ற மேல்கூட்டோடு ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். வருடம் போகப் போக அந்தக் கூடு விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் ஐப்பசி கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் குபுகுபுவென்று புகை, வீடு முழுக்க நாற்றம். கொமடோர் 64ன் பழைய அடாப்டர் இன்னும் மோசம். அதனுள் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் கூடுதலாகப் போய் மெமரி சிப்புகளைக் கொன்றுவிடும். இருபது முப்பதாயிரம் போட்டு வாங்கிவிட்டு, அடாப்டரை மாற்ற யோசித்து அரை நிமிடத்தில் மெஷினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் நடக்கிறது. கொமடோர் 64ல் ஒலி எழுப்பும் சிட் என்ற சிப்புக்கு இசைக்காரர்களிடம் அவ்வளவு கிராக்கி. அதற்காகவே நல்ல மெஷினைத் திறந்து சிப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு மீதியை விற்கிறார்கள். பழைய சிப்பின் மேலிருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு சிட் என்று அச்சடித்த போலிகளும் சந்தையில் இருக்கின்றன. முழு மெஷினைவிட அதன் உறுப்புக்கு மதிப்பு வந்துவிட்டால் முழு மெஷின் பிழைக்காது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தக் கம்ப்யூட்டர்கள் வந்ததற்கு எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடம். 1984ல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தர கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் நாடு முழுக்க 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான எஸ்சிஎல் (செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட்), உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் அதை இங்கேயே தயாரிக்கவும் செய்தது. இன்னொன்று வளைகுடா. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கமிருந்து போனவர்கள் டேப் ரெக்கார்டர், விசிஆரோடு கம்ப்யூட்டரும் கொண்டுவந்தார்கள். குவைத் நிறுவனம் ஒன்று ‘சக்ர்’ என்ற பெயரில் எம்எஸ்எக்ஸ் (பல நிறுவனங்கள் பொதுவாகப் பின்பற்றிய ஒரு கம்ப்யூட்டர் வடிவமைப்பு) வகை மெஷின்களை விற்றது. கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்தும் இருக்கும். குவைத்திலும் மின்சாரம் கிட்டத்தட்ட நம் ஊர் வோல்ட்தான், டிவியும் நம் ஊரைப் போலவே ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை. அதனால் இங்கே கொண்டுவந்து பிளக்கை மட்டும் மாற்றினால் போதும், ஓடும்.

மேலப்பாளையத்தில் நண்பன் வீட்டில் அப்படி ஒரு சக்ர் இருந்தது. அவன் வாப்பா 80களின் கடைசியில் கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். பெட்டி இருக்கிறதா, கையேடு இருக்கிறதா, பிளாஸ்டிக் மஞ்சளித்திருக்கிறதா என்று பத்து போட்டோ கேட்டு வாங்கினார். கூடவே ஒரு பை நிறையக் கேசட்டும் இருந்தது. அது வேண்டாம், கூரியர் கனம்தான் ஏறும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பையை நான் வாங்கி வந்தேன். ஒரு கேசட்டில் பக்திப் பாட்டின் பெயரை அடித்துவிட்டுப் பேனாவால் ‘புரோ’ என்று, புரோகிராம் என்பதைச் சுருக்கி எழுதியிருந்தது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அதை உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, டேப் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன திருகைச் சத்தம் தெளிவாகும்வரை திருப்பி வைத்து, லேப்டாப்பில் ஒலியாகப் பதிந்தேன். எம்எஸ்எக்ஸில் பூஜ்யம் என்றால் 1200 ஹெர்ட்ஸில் ஒரு அலை, ஒன்று என்றால் 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை. காதுக்கு வெறும் கீச்சொலிதான். ஆனால் அலை உருவம் கெடாமல் வந்துவிட்டால் போதும், புரோகிராம் மீண்டுவிடும். பதிந்ததை, அப்போது இன்னும் நண்பன் வீட்டிலேயே இருந்த அந்த சக்ரில் போட்டோம். பல தடவை எரர் காட்டிவிட்டு, கடைசியில் திரையில் ‘ஃபவுண்ட்: பீடி’ என்று வந்தது.

அது பீடிக் கணக்கு. ஆங்கில எழுத்தில் தமிழாகவே கேள்விகள் வந்தன. கடையில் கொடுத்த இலை எத்தனை கிராம், தூள் எத்தனை கிராம், போட்ட கட்டு எத்தனை, கழித்தது எத்தனை. எல்லாம் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்று கணக்குப் போட்டு, அந்த வாரம் கைக்கு வரவேண்டிய தொகையைக் காட்டியது. நண்பனின் உம்மா பக்கத்தில் வந்து நின்று திரையைப் படித்தார். "அவஹ எழுதுனதுல்லா இது. கடைக்காரன் கொறச்சிக் குடுத்தா இதக் காட்டித்தான் கேப்பேன்" என்றார்.

ஸ்பெக்ட்ரமுக்கும் கொமடோருக்கும் கடையில் விற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆர்வலர்கள் நகலெடுத்து வைத்துவிட்டார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எமுலேட்டரில், அதாவது பழைய மெஷின் போலவே நடிக்கும் மென்பொருளில், ஓட்டலாம். பீடிக் கணக்குக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரே நாடா. ஒரு பீடித் தொழிலாளியின் வீட்டில், கூலியை எதிர்த்துக் கேட்பதற்காக 80களில் ஒருவர் புரோகிராம் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் வரலாறு என்று ஒன்றை எழுதினால் அதில் இதற்கு இடம் வேண்டாமா? இதற்கு எந்த ஏலத்திலும் விலை கிடையாது. விலை இல்லாததால்தான் குப்பைக்கூடைக்குப் போகிறது. பள்ளி யூனிகார்ன்களும் இப்படித்தான். இருப்புப் பதிவேட்டில் கழித்துவிட்டு, மாணவர்கள் எழுதிய பிளாப்பிகளோடும் நோட்டுகளோடும் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் சேகரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மெஷினை என்ன விலைக்கு வேண்டுமானாலும் வாங்குங்கள், விற்றுக்கொள்ளுங்கள். கூட இருக்கும் கேசட், பிளாப்பி, கையெழுத்து நோட்டு எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள், அதற்கென்று தனியாக நூறு இருநூறு கொடுங்கள். காசு வரும் என்று தெரிந்தால் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: கேசட்டைச் சும்மா போட்டுப் பார்க்காதீர்கள், பூஞ்சை பிடித்திருந்தால் நாடா அறுந்துவிடும். மேலே எழுதியிருப்பதை ஒரு போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், பதிந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடைமழை தொடங்குவதற்குள் அனுப்பினால் நல்லது.