டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு கூடியதாக அர்த்தமில்லை

"டி.எஸ்.எச். 12 என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, மாத்திரையை நிறுத்துங்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது அப்படியே தலைகீழ். தயவுசெய்து யாரும் அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். அதைச் சுரப்பது தைராய்டே அல்ல. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் ரத்தத்தில் குறைந்தால் அது டி.எஸ்.எச்.சைக் கூட்டி தைராய்டை முடுக்கும். போதுமானது வந்ததும் குறைத்துக்கொள்ளும். ஆக, 12 என்ற கூடுதல் அளவு பெரும்பாலும் தைராய்டு குறைவாகச் சுரப்பதையே காட்டுகிறது. ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராக்சின்) பார்த்தால் இன்னும் தெளிவாகும். மாத்திரையில் இருப்பதும் தைராக்சின்தான். அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். நிறுத்திய முதல் வாரம் ஒன்றும் தெரியாமல் போவது அதனால்தான். கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்தும் யோசனைப் பக்கமே போகாதீர்கள். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் ஆதாரம்.