மரடோனா: 1986 வேறு, போதை மருந்துத் தடை வேறு

“1986 உலகக் கோப்பையை மரடோனா கையாலும் போதை மருந்தாலும்தான் வென்றார், பிறகு மாட்டிக்கொண்டு தடை வாங்கினார்” என்று அர்ஜென்டினா கால்பந்து வீரர் மரடோனாவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். வெவ்வேறு காலத்தில் நடந்தவற்றை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்.

1986 தொடரில் அவர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கவில்லை. கோகெய்னுக்காக 15 மாதத் தடை வந்தது 1991இல், இத்தாலிய கிளப்பான நாபோலிக்கு ஆடியபோது. எபெட்ரின் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துக்காகப் பரிசோதனையில் சிக்கியது 1994இல், அமெரிக்காவில் நைஜீரியாவுடனான ஆட்டத்துக்குப் பின். இரண்டுமே அவர் தவறுதான்.

கையால் அடித்த கோல் உண்மை. இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், இங்கிலாந்து கோல்கீப்பர் ஷில்டனோடு எகிறி இடது கையால் தட்டிவிட்டார். நடுவர் பார்க்கவில்லை. அது ஏமாற்றுதான், மழுப்ப வேண்டாம். 2-1 என முடிந்த ஆட்டத்தில் அந்தக் கோல் பெரிய விஷயமும்கூட.

ஆனால் நான்கே நிமிடம் கழித்து என்ன செய்தார்? சொந்தப் பாதியில் பந்தை வாங்கி, ஒரு சுழற்றில் இரண்டு பேரைக் கழற்றிவிட்டு, வலப்பக்கமாக ஓடி, கடைசியில் ஷில்டனையும் தாண்டி வலைக்குள் தள்ளினார். பந்து இடது காலை விட்டு விலகவே இல்லை! அப்புறம் அரையிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிரான இரண்டு கோலும் அவருடையவை. இறுதிப் போட்டியில் 2-2 என்று இருந்தபோது சக வீரர் புருசாகாவுக்கு வெற்றி கோலுக்கான பந்தைக் கொடுத்ததும் அவரே. தொடரில் மொத்தம் 5 கோல். அதில் ஒன்றுதான் கையால் வந்தது.

அவரைத் தாராளமாக விமர்சியுங்கள், ஆண்டுகளை மட்டும் மாற்றாதீர்கள்.