தள்ளிப்போனால் உங்களுக்கு என்ன போச்சு?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் மறுபடி இங்கே போடவில்லை. இடது பக்கம் என் பழைய பதிவு, வலது பக்கம் அதற்கு இரண்டு வருஷம் கழித்து எழுதிய இன்னொன்று, இரண்டிலும் செவ்வாயில் ஓடி ஆராயப்போகிற ஐரோப்பிய வண்டியான ரோசலிண்ட் பிராங்க்ளின் ரோவர் "இந்த வருஷம் கிளம்புது" என்று நான் குதித்திருக்கிறேன். நடுவில் "மாப்பிள்ளை இன்னும் கிளம்பலையாம், பந்தலைப் பிரிச்சுடலாமா?" என்று ஒரு வரி. நல்ல நக்கல்தான். எழுதியவரும் தெரிந்தவர், பழகியவர். ஆனால் அதற்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் என் செவ்வாய்ப் பதிவுகளுக்கு வந்து இதயம் போடுகிறவர்கள். அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. சரி, போகட்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு லேண்டரோ (வேற்றுக் கோளில் தரையிறங்கும் கலம்) ரோவரோ தள்ளிப்போனால் அதற்காகக் காத்திருந்தவன் ஏமாந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. கிளம்பாமல் நிற்கிற கருவியை நாளைக்குக் கழற்றிப் பார்க்கலாம், சரிசெய்யலாம். அவசரத்தில் கிளம்பி அங்கே போய் விழுந்ததை யார் போய்ச் சரிசெய்வது? நீங்களா?

முதலில், இது ஏன் இரண்டிரண்டு வருஷமாகத் தள்ளிப்போகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. சந்திரயான் 2 நினைவிருக்கும். 2019 ஜூலை 15 அதிகாலை, 56 நிமிடம் மிச்சமிருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். 22ஆம் தேதி ஏவிவிட்டார்கள். ஒரே வாரம். நிலா நம்மைச் சுற்றியே வருகிறது, அதனால் அந்த வசதி. செவ்வாய் அப்படி நமக்காக நிற்காது. பூமியும் அதுவும் தோதான இடத்துக்கு வருவது சுமார் 26 மாதத்துக்கு ஒரு தடவை, அப்போதும் கைக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் ஒரு சின்னச் சந்தேகம் தீரவில்லை என்றாலும் அடுத்த வாய்ப்பு இரண்டு வருஷம் கழித்துத்தான். 2018, 2020, 2022 என்று தேதிகள் வரிசையாக வருவதைப் பார்த்து "சும்மா சும்மா இதையே சொல்றான்" என்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். நானே அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

இன்சைட் கதையை இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேனோ, இன்னொரு முறை எழுதுகிறேன். 2016 மார்ச்சில் கிளம்ப வேண்டிய நாசா லேண்டர் அது. 2015 டிசம்பரில், எல்லாரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது நிறுத்தினார்கள். பிரான்ஸ் விண்வெளி முகமை கொடுத்த நிலநடுக்கமானியில் பிரச்சினை. அதன் உணரிகள் ஒரு உலோகக் கோளத்துக்குள் வெற்றிடத்தில் இருக்க வேண்டும், அந்தக் கோளத்தில் பொடிக் கசிவு. தரை ஒரு அணுவின் விட்டமளவு அசைந்தாலும் கண்டுபிடிக்க வேண்டிய கருவி, அதற்குள் காற்று புகுந்தால் அப்புறம் அதைச் செவ்வாய்க்குக் கொண்டுபோய் என்ன செய்வது? அன்றைக்கும் "ஒரு ஓட்டையை அடைக்க ரெண்டு வருஷமா" என்று சிரித்தார்கள். 2018 மே 5 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் இருந்து கிளம்பியது. அங்கே விடிகாலை நாலு மணி, நமக்குச் சாயங்காலம் நாலரை. அடர்ந்த பனிமூட்டம். நேரலையில் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தும் ராக்கெட் உருப்படியாகத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. ராத்திரியே போய் அங்கே நின்றவர்களுக்கும் அதே கதிதான். ஒருத்தரும் நஷ்ட ஈடு கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த லேண்டர்தான் 2018 நவம்பர் 26 அன்று இறங்கி, 2022 டிசம்பர் வரை உட்கார்ந்து, 1,300க்கும் மேற்பட்ட செவ்வாய் நடுக்கங்களைப் பதிவு செய்தது. 2022 மே 4 அன்று வந்தது 4.7 அளவு. அந்த அலைகளை வைத்துத்தான் செவ்வாயின் ஓடு எவ்வளவு தடிமன், நடு உருண்டை எவ்வளவு பெரியது என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. ஆமாம், அதில் போன இன்னொரு கருவி, தரைக்குள் ஐந்து மீட்டர் இறங்க வேண்டிய வெப்பமானி, மேலேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது, அதையும் யாராவது எடுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். ஆனால் கசிவோடு 2016லேயே அனுப்பியிருந்தால்? சொன்ன தேதியில் கிளம்பிய பெருமை மட்டும் மிஞ்சியிருக்கும்.

இப்போது நம்ம ரோசலிண்ட் பிராங்க்ளின். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஸ்கியாபரெல்லி என்ற சோதனை லேண்டர்தான் நினைவுக்கு வரும், ஏனென்றால் இரண்டும் ஐரோப்பா ரஷ்யாவோடு சேர்ந்து ஆரம்பித்த ஒரே எக்ஸோமார்ஸ் திட்டம். 2016 அக்டோபர் 19, நமக்கு ராத்திரி எட்டு மணி சுமார். புனே பக்கத்தில் இருக்கிற பெரிய ரேடியோ தொலைநோக்கி அதன் சிக்னலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அண்ணன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தரையைத் தொட வேண்டிய நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் சிக்னல் நின்றது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு அறையில் யாரும் அசையவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தர் மட்டும் ஹெட்போனைச் சரிசெய்கிறார். அண்ணன் போனை இறக்கிவிட்டு, "என்னடா, உன் டப்பா விழுந்துடுச்சா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அவரோடு பேசவில்லை.

அப்புறம் காரணம் தெரிந்தது. பாராசூட் விரிந்தபோது ஏற்பட்ட ஆட்டத்தில் சுழற்சியை அளக்கிற கருவி ஒரு நொடி திணறியது. அந்தத் தப்புக் கணக்கை நம்பி, தான் தரைக்குக் கீழே போய்விட்டதாகக் கம்ப்யூட்டர் முடிவுகட்டியது. மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும்போதே பாராசூட்டைக் கழற்றிவிட்டு, ராக்கெட்டை மூன்று நொடி எரித்து நிறுத்திவிட்டு, இறங்கியாச்சு என்று உட்கார்ந்துவிட்டது. மிச்சத் தூரம் முழுக்கக் கல் மாதிரி விழுந்தது.

இதைப் பார்த்த ஒரு குழு, அடுத்த தடவை பாராசூட் விஷயத்தில் "பரவாயில்லை, அனுப்பிடலாம்" என்று சொல்லுமா? 2019ல் ஸ்வீடனின் கிரூனாவில் சோதனை. மே மாதம் இரண்டு பெரிய பாராசூட்டும் கிழிந்தன. ஆகஸ்டில் 35 மீட்டர் பாராசூட் மறுபடி கிழிந்தது. பையிலிருந்து வெளியே வரும்போதே, காற்று நிரம்புவதற்கு முன்னாலேயே துணியில் கீறல். செவ்வாயில் இதுவரை விரிந்ததிலேயே பெரியதாக இருக்கப்போகிற பாராசூட் அது. 2020 மார்ச்சில், பயணத்தை 2022க்குத் தள்ளிவைத்தார்கள். அந்தக் கிழிந்த துணியின் படத்தை ஒரு தடவை பாருங்கள், பார்த்துவிட்டு வந்து அனுப்பியிருக்கலாம் என்று சொல்லுங்கள்.

"இவ்வளவு கடைசி நேரத்திலா பாராசூட்டைச் சோதிப்பார்கள், நிர்வாகம் சரியில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முன்னாலேயே செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருத்தர், மாப்பிள்ளை ஜோக்குக்குச் சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். "அந்தக் காசில் எத்தனை ஏழைகளுக்கு" என்று ஆரம்பிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இன்றைக்கு மாட்டேன்.

2022 தள்ளிப்போனதுக்குப் பாராசூட் காரணமே இல்லை. 2021 கடைசியில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் அது நன்றாகவே விரிந்தது. ரோவர் தயார். செப்டம்பரில் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்ப வேண்டும். பிப்ரவரியில் உக்ரைன் போர். மார்ச்சில் நிறுத்தினார்கள். ஊரே எரியும்போது ரோவர் பற்றிக் கவலைப்பட எனக்கே கூச்சமாக இருந்தது, அதனால்தான் அப்போது அதிகம் எழுதவில்லை. ரஷ்யாவின் லேண்டர், ரஷ்யாவின் ராக்கெட், இரவுக் குளிரில் ரோவரைச் சூடாக வைக்கிற கதிரியக்கக் கருவி, எல்லாவற்றுக்கும் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. இப்போது ஐரோப்பாவிலேயே புது லேண்டர் செய்கிறார்கள், அமெரிக்க ராக்கெட்டில் 2028ல் புறப்பாடு, 2030ல் இறங்க வேண்டும். பாராசூட்டை எட்டு மடித்துப் பத்திரமாக வைத்துவிடவும் இல்லை. 2025ல் மறுபடி கிரூனாவுக்குக் கொண்டுபோய் 29 கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். விரிந்தது. அதைப் பற்றி நான் எழுதியபோது யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. விரிந்த பாராசூட்டில் ஜோக் அடிக்க முடியாது போலிருக்கிறது.

"அதுக்குள்ள மத்த ரோவர்லாம் எல்லாத்தையும் பார்த்துடும், இது போய் என்ன பண்ணப் போகுது?" இதுவும் ஸ்கிரீன்ஷாட் போட்ட அவர்தான். ஐயா, நாசாவின் ரோவர்களான கியூரியாசிட்டியும் பெர்சிவியரன்சும் பாறையில் துளை போடுவது சில சென்டிமீட்டர் ஆழம். செவ்வாய்க்கு நம்மைப் போல அடர்ந்த காற்றும் கிடையாது, முழுக் கோளையும் காக்கிற காந்தப்புலமும் கிடையாது. மேல் மண்ணில் ஒரு காலத்தில் உயிர்ச் சுவடு இருந்திருந்தாலும் கதிர்வீச்சு அதைச் சிதைத்திருக்கும். அதனால்தான் இதன் துளைப்பான் இரண்டு மீட்டர் வரை இறங்குகிறது. இறங்கப்போகிற ஆக்சியா பிளேனம் பழைய களிமண் தரை, தண்ணீர் பட்ட இடம். இத்தாலியின் டூரின் நகரில் இதற்கு ஒரு இரட்டை இருக்கிறது, அமாலியா என்று பெயர், பூமியிலேயே இருந்துகொண்டு ஒத்திகை பார்க்கிற ரோவர். அது 1.7 மீட்டர் துளைத்து மாதிரி எடுத்துக் காட்டிவிட்டது. இரண்டு மீட்டர் என்பது உங்கள் உயரத்தைவிட அதிகம். வேறு எந்த ரோவரும் செவ்வாயில் அவ்வளவு ஆழத்திலிருந்து மண் எடுத்ததில்லை. இன்னும் எட்டு வருஷம் கழித்துப் போனாலும் இது பழசாகாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது "மனுஷனா போறான், மிஷின்தானே" என்ற வரியில்தான். மிஷின்தான். அதன் பின்னால் இருப்பதும் மிஷினா? காலின் பில்லிங்கர் என்று ஒரு மனிதர். பீகிள் 2 லேண்டரை முன்னின்று உருவாக்கியவர். 2003 டிசம்பர் 25 அன்று அது இறங்க வேண்டும், சிக்னல் வரவே இல்லை. தோல்வி என்று எழுதி மூடிவிட்டார்கள். அவர் 2014 மே மாதம் இறந்துபோனார். 2015 ஜனவரியில் செவ்வாயைச் சுற்றுகிற கலம் எடுத்த படங்களில் பீகிள் 2 கிடைத்தது. ஒழுங்காக இறங்கித்தான் இருந்திருக்கிறது, சூரியத் தகடுகள் முழுசாக விரியாமல் ஆன்டெனாவை மறைத்துவிட்டன. எட்டு மாதம். எட்டே எட்டு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் அவர் பார்த்திருப்பார்.

இதை எழுதும்போது எனக்கு என்னவோ செய்கிறது, ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பெர்சிவியரன்ஸ் இறங்கியபோது கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து கைதட்டிய காணொளியை "மனித குலத்தின் வெற்றி" என்று போட்டவர்தான் இந்த நண்பரும். அந்தக் கைதட்டலுக்கு முன்னால் எத்தனை வருஷம் எத்தனை பேர் எத்தனை முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று யாரும் பகிர்வதில்லை, ஏனென்றால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

அந்தப் பழைய பதிவுகளை நீக்கிவிடு என்று உள்பெட்டியில் அக்கறையாகச் சொன்னவர்களுக்கு நன்றி, நீக்க மாட்டேன். 2028 பற்றியும் எழுதுவேன், அதுவும் தள்ளிப்போனால் அதையும் எழுதுவேன். கிரூனா சோதனைக் காணொளி கேட்டவர்கள் ஐரோப்பிய விண்வெளி முகமையின் தளத்தில் தேடுங்கள், கிடைக்கும். இன்று ராத்திரி இதற்குமேல் யாருக்கும் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.