தூதர்களுக்கு ஓர் ஆய்வகம் ஏன் வேண்டும்?

ராணுவத்துக்கு உண்டு. அணுசக்திக்கு உண்டு. விண்வெளிக்கும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை மட்டும் முக்கால் நூற்றாண்டு அது இல்லாமலேயே காலம் தள்ளிவிட்டது. அரசு பணம் கொடுக்க, பல்கலைக்கழகமோ லாப நோக்கற்ற அமைப்போ நடத்துகிற ஆய்வு மையங்களைத்தான் சொல்கிறேன். தனக்கும் அப்படி ஒரு மையம் வேண்டும் என்று அந்தத் துறை கேட்கத் தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். “தூதர்களுக்கு எதற்கு ஆய்வகம்? பேசத் தெரிந்தால் போதாதா?” என்று இதற்குள் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். போதாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை விரிவாகவே சொல்கிறேன். நேரம் இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அரசுச் சம்பள விதிகளுக்குள்ளும் கோப்பு நடைமுறைக்குள்ளும் தலைசிறந்த விஞ்ஞானிகளைக் கொண்டுவர முடியவில்லை. அதனால் 1943இல் அணுகுண்டு செய்வதற்கான லாஸ் அலமாஸ் ஆய்வகத்தை நடத்தும் பொறுப்பு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் போனது. செலவு அரசுடையது, நிர்வாகம் பல்கலைக்கழகத்துடையது. போர் முடிந்ததும் விமானப் படைக்காக ரேண்ட் என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அது டக்ளஸ் விமான நிறுவனத்துக்குள்தான் இயங்கியது. எந்த விமானத்தை வாங்கலாம் என்று விமானம் விற்பவரே ஆலோசனை சொல்வது சரிப்படாது என்பது விரைவிலேயே புரிந்துவிட்டது. 1948இல் ரேண்ட் தனி லாப நோக்கற்ற அமைப்பாகப் பிரிந்தது. பிறகு 1951இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வகம், அதிலிருந்து 1958இல் மைட்டர் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. கால்டெக் பல்கலைக்கழகம் நாசாவுக்காக நடத்தும் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் இதே வகைதான். இன்று இப்படிப்பட்ட மையங்கள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன.

இவற்றுக்கான விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. தனியார் நிறுவனங்களோடு போட்டி போட்டு டெண்டர் எடுக்கக் கூடாது. பொருள் தயாரித்து விற்கக் கூடாது. பதிலுக்கு, சாதாரண ஒப்பந்ததாரர் யாருக்கும் காட்டாத அரசுத் தரவுகளை இவர்கள் பார்க்கலாம். ஒப்பந்தம் ஒரு முறைக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அந்த மையம் இன்னும் தேவைதானா என்று முழுமையாக ஆராய்ந்த பிறகே நீட்டிக்க வேண்டும். விற்பதற்கு ஒன்றும் இல்லாதவனிடம்தான் உள் ரகசியத்தைக் காட்டலாம் என்ற எண்ணம் இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது வெளியுறவுத் துறைக்கு வருவோம். ஒரு தூதரக அதிகாரி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இடம் மாறிவிடுவார். ஒரு நாட்டின் மொழி பிடிபட்டு, அமைச்சரின் செயலாளர் முதல் எதிர்க்கட்சிப் பத்திரிகையாளர் வரை ஆள் பழக்கம் ஏற்பட்டு, யார் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று தெளிவு வரும்போது மாற்றல் உத்தரவு கையில் இருக்கும். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். முன்னவர் அனுப்பிய கேபிள்கள், அதாவது தூதரக அறிக்கைகள், கோப்பில் கிடக்கும். ஐந்து ஆண்டுக்கு முன்னால் இதே பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பு எந்த இடத்தில் இறங்கி வந்தது, எந்த இடத்தில் கடைசிவரை அசையவில்லை என்பதைத் தேடி எடுத்துத் தர நிரந்தரமான ஆள் கிடையாது. துறையில் வரலாற்றாசிரியர் அலுவலகம் உண்டு, உண்மைதான். 1861 முதல் வெளிவரும் ஆவணத் தொகுதிகள் அதன் பெருமை. ஆனால் அவை வெளியாவதற்கு முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகின்றன. நாளை காலை பேச்சுவார்த்தை மேசைக்குப் போகிறவருக்கு அவற்றால் உடனடிப் பயன் குறைவு.

கருவிகள் விஷயத்திலும் இந்தத் துறை எப்போதும் கடைசி வரிசைதான். வாங் என்ற கணினி நிறுவனம் 1992இலேயே திவால் மனு கொடுத்துவிட்டது. அதன் கணினிகள் தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை தூதரகங்களில் ஓடிக்கொண்டிருந்தன. 2001இல் காலின் பவல் வெளியுறவுச் செயலரானபோது, ஊழியர் ஒவ்வொருவரின் மேசைக்கும் இணைய வசதி தருவதை ஒரு பெரிய திட்டமாகவே அறிவித்துச் செய்ய வேண்டியிருந்தது. துறையின் முதல் தரவு வியூக ஆவணம் வந்தது 2021இல். சைபர் விவகாரங்களுக்குத் தனிப் பிரிவு 2022 ஏப்ரலில். இப்போது ஊழியர்களுக்கு செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டும் இருக்கிறது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் நவீனமாவது என்றாலே மென்பொருள் வாங்குவது என்று நினைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

ஏன் என்பதற்கு ஒரு அலுமினியக் குழாயின் கதை போதும். 2001இல் ஈராக்குக்குப் போன அலுமினியக் குழாய்கள் ஜோர்டானில் பிடிபட்டன. குறுக்களவு 81 மில்லிமீட்டர். அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கி என்ற சுழல் இயந்திரத்துக்குத்தான் இவை என்று சிஐஏ அடித்துச் சொன்னது. மையவிலக்கியைப் பல ஆண்டுகள் கட்டியும் ஓட்டியும் பழகியவர்கள் டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருந்தார்கள். அது எரிசக்தித் துறைக்காக அரசு நிதியில் இயங்கும் மையம். குழாயின் சுவர் தடிமனாக இருக்கிறது, குறுக்களவோ சிறிது, 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கு அப்படியே பொருந்துகிறது என்று எரிசக்தித் துறையின் வல்லுநர்கள் சொன்னார்கள். வெளியுறவுத் துறைக்குள் உளவு, ஆய்வுக்கென்று ஒரு சின்னப் பிரிவு உண்டு. சிஐஏவோடு ஒப்பிட்டால் அதன் ஆள் பலம் ஒன்றுமே இல்லை. அந்தப் பிரிவு வல்லுநர்களின் பேச்சை ஏற்று, 2002 அக்டோபரில் வந்த ஈராக் பற்றிய உளவு மதிப்பீட்டில் தன் மறுப்பை எழுத்திலேயே பதிவு செய்தது. இருந்தும் 2003 பிப்ரவரி 5 அன்று ஐநா பாதுகாப்பு அவையில் பவல் அந்தக் குழாய்களைப் பற்றிப் பேசினார். கருத்து வேறுபாடு இருப்பதைக் குறிப்பிட்டார், ஆனாலும் குற்றச்சாட்டின் பக்கமே நின்றார். போருக்குப் பிறகு தேடிப் பார்த்த அமெரிக்கக் குழுவே, குழாய்கள் ராக்கெட்டுக்குத்தான் என்ற முடிவுக்கு வந்தது.

சரியான பதில் அரசாங்கத்துக்குள்ளேயே, அரசுப் பணத்திலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் வேறொரு துறையின் ஆய்வகத்தில் இருந்தார்கள். அமைச்சரின் உரைக்கும் அவர்களுக்கும் நடுவே பல கதவுகள். தனக்கென்று ஒரு மையம் இருந்திருந்தால் பவல் அந்த உரையை ஆற்றியிருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை, அரசியல் அழுத்தம் அப்படிப்பட்டது. ஆனால் தன் துறைக்காகவே வேலை செய்யும், தன்னோடு நேரில் பேசும் பொறியாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து “இது அதற்கு ஆகாது” என்று சொல்லும்போது, அதைத் தாண்டிப் போவது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2015 ஈரான் அணு ஒப்பந்தம். அந்த ஆண்டு பிப்ரவரியில் எரிசக்திச் செயலர் எர்னஸ்ட் மோனிஸ் பேச்சுவார்த்தையில் சேர்ந்தார். எம்ஐடியில் பல ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். எதிரே உட்கார்ந்த ஈரான் அணுசக்தி அமைப்பின் தலைவர் அலி அக்பர் சாலேஹி அதே எம்ஐடியில் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஈரான் தரப்பு ஒரு எண்ணைச் சொன்னால், தேசிய ஆய்வகங்களில் இருந்த வல்லுநர்கள் உடனே கணக்குப் போட்டுப் பதில் அனுப்பினார்கள். எத்தனை மையவிலக்கி ஓடினால் ஒரு குண்டுக்கான யுரேனியம் சேர எத்தனை மாதம் ஆகும்? ஈரானின் அராக் அணு உலையை எப்படி மாற்றி வடிவமைத்தால் ஆயுதத்துக்கு ஏற்ற புளூட்டோனியம் கிடைக்காது? குண்டுக்கான யுரேனியம் சேர இரண்டு மூன்று மாதமாக இருந்த அவகாசம் ஓராண்டாக நீண்டது இந்தக் கணக்குகளை நம்பித்தான். யுரேனியத்தின் செறிவு 3.67 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற வரிகளுக்குப் பின்னால் ஆய்வகத்தில் விழித்திருந்தவர்களின் உழைப்பு இருக்கிறது. 2018இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை விட்டு விலகியது அரசியல் முடிவு. தூதர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு அது இன்றும் சாட்சிதான்.

அணுவுக்கு எரிசக்தித் துறையின் ஆய்வகங்கள் இருந்தன, கடன் வாங்கிக்கொள்ள முடிந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒப்பந்தத்துக்கு யாரிடம் கடன் வாங்குவது? கடலடி கேபிள்கள், சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, கடல் மட்ட உயர்வு, தொற்றுநோய்த் தகவல் பகிர்வு என்று அடுத்த முப்பது ஆண்டுப் பேச்சுவார்த்தைகள் எல்லாமே கணக்கு தெரிந்தவர்களைக் கேட்கப் போகின்றன.

“அதற்குத்தான் கன்சல்டன்ட் நிறுவனங்கள் இருக்கின்றனவே” என்பார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அடுத்த ஒப்பந்தம் வேண்டும். “உங்களுக்கு இந்த மென்பொருள் தேவையில்லை” என்று அதை விற்பவர் சொல்ல மாட்டார். பவர்பாயின்ட் கோப்பை ஒப்படைத்த பிறகு அந்தக் குழு கலைந்துபோகும், கற்றதும் அவர்களோடு போய்விடும்.

2023இல் நடந்த மின்னஞ்சல் திருட்டையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சீனாவோடு தொடர்புடைய ஊடுருவிகள் மைக்ரோசாப்டின் 2016ஆம் ஆண்டுக் கையொப்பச் சாவி ஒன்றைக் கைப்பற்றி, அதை வைத்துப் போலி அனுமதிச் சீட்டுகள் தயாரித்து அரசு மின்னஞ்சல்களுக்குள் நுழைந்தார்கள். வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மின்னஞ்சல்கள் போயின. பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதரின் பெட்டியும் தப்பவில்லை. இதை முதலில் பிடித்தது மைக்ரோசாப்ட் இல்லை. வெளியுறவுத் துறையின் சொந்தப் பாதுகாப்புக் குழுதான் ஜூன் 15 அன்று பிடித்தது. அதிக விலை கொடுத்து வாங்கிய உரிமத்தில் கிடைத்த விரிவான பதிவேடுகளும், அவற்றைக் கண்காணிக்கத் தாங்களே எழுதி வைத்திருந்த எச்சரிக்கை விதியும் அவர்கள் கையில் இருந்தன. அந்தப் பதிவேடு இல்லாத அலுவலகங்களுக்குத் தங்கள் வீட்டில் திருடன் இருப்பதே தெரியவில்லை. இந்த ஊடுருவல் தடுத்திருக்கக்கூடியது என்று பிறகு விசாரித்த அரசு வாரியம் சொன்னது. கடைசிவரிசைத் துறை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே துறையில் நாலு பேர் பொறுமையாக உட்கார்ந்து தங்கள் அமைப்பைத் தாங்களே படித்ததால் வந்த பலன் இது. அந்த வேலையைச் செய்ய நிரந்தரமான இடம் ஒன்று கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெரிய நாட்டுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை இது. மால்டாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து 2002இல் டிப்ளோ அறக்கட்டளையை நிறுவின. பெரிய தூதுக்குழு அனுப்ப வசதியில்லாத சிறிய நாடுகளின் அதிகாரிகளுக்கு இணைய ஆளுகை, தரவு, சைபர் பேச்சுவார்த்தை ஆகியவற்றில் அது பயிற்சி தருகிறது. ஜெர்மனியில் 1962 முதல் இயங்கும் எஸ்டபிள்யூபி என்ற ஆய்வு நிறுவனம், அரசுப் பணத்தில்தான் நாடாளுமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் வெளியுறவு ஆலோசனை சொல்கிறது.

ஆபத்தும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. பணம் ஒரே இடத்திலிருந்து வரும்போது, அந்த இடத்துக்குப் பிடித்த பதிலை எழுதும் பழக்கம் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. ஒரு வரியை மென்மையாக்குவார்கள், ஒரு பத்தியைப் பின்னிணைப்புக்குத் தள்ளுவார்கள், அடுத்த ஆண்டு அந்தக் கேள்வியையே எடுக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், பிடிக்காத மையத்தைக் கலைப்பதும் எளிது. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய வில்சன் ஆய்வு மையமும், 1984இல் அதேபோல உருவான அமெரிக்க அமைதி நிறுவனமும் 2025இல் சில வாரங்களுக்குள் ஆள் இல்லாத கட்டடங்களாகிவிட்டன. அதே ஆண்டு ஜூலையில் வெளியுறவுத் துறையில் 1,300க்கும் மேற்பட்டோருக்குப் பணிநீக்கக் கடிதம் போனது. அவர்களோடு போன அனுபவத்தை எந்த சாட்பாட்டாலும் திருப்பித் தர முடியாது. இந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. ஒரு நாட்டை ஆழமாகப் படித்தவரை உருவாக்க இருபது ஆண்டு ஆகிறது.

அதனால் இப்படி ஒரு மையம் அமைந்தால் நான் எதிர்பார்ப்பது இவை. நிதி பல ஆண்டுகளுக்கு உறுதியாக இருக்க வேண்டும். ரகசியம் நீக்கிய ஆய்வுகள் பொதுமக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். அமைச்சரோடு உடன்படாத ஆய்வாளரின் குறிப்பு அதே அறிக்கைக்குள்ளேயே இடம்பெற வேண்டும், தனிக் கோப்பில் புதையக் கூடாது. வெளியுறவுத் துறையில் 1971 முதல் மாற்றுக் கருத்து தெரிவிக்க முறையான வழி இருக்கிறது. அதே உரிமை ஆய்வு மையத்துக்கும் எழுத்தில் கிடைக்க வேண்டும்.

முதல் வேலையாக, கடந்த இருபது ஆண்டுகளில் தூதரகங்கள் அனுப்பிய கணிப்புகளை எடுத்துவைத்து, பிறகு நடந்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எந்தத் தூதரகம் அடிக்கடி சரியாகச் சொன்னது, சரியாகச் சொன்னதை வாஷிங்டனில் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று தெரியட்டும். ஐந்தாம் ஆண்டு மறுஆய்வில் என் முதல் கேள்வி, இந்த மையம் தனக்குப் பணம் தரும் துறையிடம் எத்தனை முறை “நீங்கள் நினைப்பது தவறு” என்று எழுதிக் கொடுத்தது என்பதாகவே இருக்கும். ஒருமுறைகூட இல்லை என்று பதில் வந்தால், ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விடலாம்.