மல்யுத்த அணியை விழுங்கியது யார்?

நியூ ஜெர்சியில் எங்கள் தெருவில் இருக்கும் நண்பரின் மகன் பள்ளி மல்யுத்த வீரன். உரசி உரசி இரண்டு காதுகளும் பணியாரம் போல உப்பிவிட்டன. அதில் அவனுக்கு ஏகப் பெருமை. அவன் சேர ஆசைப்பட்டிருந்த கல்லூரி, மல்யுத்த அணியையே கலைத்துவிட்டதாகச் சென்ற மாதம் கடிதம் அனுப்பியது. காரணம் என்று டைட்டில் நைன் சட்டத்தைக் காட்டியிருந்தது. "பெண்களுக்குச் சமபங்கு என்று சொல்லி என் பையன் வயிற்றில் அடித்துவிட்டார்கள் அண்ணா" என்றார் நண்பர். மனம் நொந்திருப்பவரிடம் அன்று வாதாட விரும்பவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் அது. ஆங்கிலத்தில் மொத்தமே 37 சொற்கள். மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வித் திட்டமும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான். விளையாட்டு என்ற சொல்லே அதில் கிடையாது.

சட்டம் வந்து ஏறத்தாழ நான்காண்டுகள் ஆன பிறகும் யேல் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது தெரியுமா? படகுத் துறையில் ஆண்கள் அணிக்கு வெந்நீர்க் குளியலறை இருந்தது. பெண்களுக்கு இல்லை. குளிர்கால ஆற்றில் துடுப்புப் போட்டுவிட்டு, வியர்வையும் ஆற்று நீரும் ஊறிய உடையோடு பஸ்ஸில் உட்கார்ந்து, ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை நடுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். 1976 மார்ச் 3 அன்று அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பெண்கள் நிர்வாகியின் அறைக்குள் போய் மேலுடையைக் கழற்றி நின்றார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் மையால் 'டைட்டில் நைன்' என்று எழுதியிருந்தது. செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தது. குளியலறையும் பிறகு வந்தது. குளிக்க வெந்நீர் கேட்பதற்கு இவ்வளவு தேவைப்பட்டது.

இந்தச் சட்டத்தைக் கல்லூரி விளையாட்டில் எப்படி நிறைவேற்றுவது என்று 1979இல் அரசு மூன்று வழிகளை வகுத்தது. மாணவர் எண்ணிக்கையில் பெண்களின் விகிதம் என்னவோ, ஏறத்தாழ அதே விகிதம் விளையாட்டிலும் இருக்க வேண்டும். அல்லது பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து பெருக்கி வந்திருக்க வேண்டும். அல்லது இருக்கிற ஆர்வத்தை முழுமையாக நிறைவேற்றியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். ஆண்கள் அணியைக் கலைக்கச் சொல்லி எங்கும் எழுதவில்லை.

பிறகு ஆண்களுக்கான இடம் எங்கே போனது? அமெரிக்கக் கால்பந்துக்கு. (பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.) தொழில்முறை என்.எஃப்.எல். அணியிலேயே 53 பேர்தான். பெரிய கல்லூரி அணிகளில் 85 பேருக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்று விதி இருந்தது. அதே விதிப்புத்தகத்தில் மல்யுத்த அணி முழுவதற்கும் சேர்த்து 9.9 உதவித்தொகைதான். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுமா பெண்கள்மீது பழி?

"கால்பந்துதானே சம்பாதித்துப் போடுகிறது" என்பார்கள். சில டஜன் பல்கலைக்கழகங்களில் உண்மை. மற்ற இடங்களில் விளையாட்டுத் துறையின் செலவு வரவைத் தாண்டுகிறது. துண்டு விழுவதை மாணவர் கட்டணத்திலும் கல்லூரி நிதியிலும் ஈடுகட்டுகிறார்கள். வருமானம் தரும் விளையாட்டுகளுக்கு விலக்குக் கேட்டு டெக்சஸ் செனட்டர் ஜான் டவர் 1974இலேயே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது நிற்கவில்லை. பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்பவர்களுக்கு ஒன்று: 2024 கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் பெண்களுக்கு ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள், ஆண்களுக்கு ஒன்றரைக் கோடியைத் தொடவில்லை.

சட்டத்தின்மீது எனக்கும் கோபம் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. தலையை எண்ணுகிற சட்டம் என்றால், தலையைக் காட்டி ஏமாற்றக் கல்லூரிகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? 2011இல் நியூயார்க் டைம்ஸ் தோண்டியபோது, சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பெண்கள் நெடுந்தூர ஓட்ட அணிப் பட்டியலில் 71 பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் 2009இல் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. சிலருக்குத் தாங்கள் அணியில் இருப்பதே தெரியாது. கார்னெல்லில் பெண்கள் வாள்வீச்சு அணியின் 34 பேர் முகக்கவசத்தைக் கழற்றியபோது 15 பேர் ஆண்கள்! பெண்களோடு பயிற்சி செய்யும் ஆண்களையும் பெண்கள் கணக்கில் எழுத விதி இடம் கொடுத்தது. நம் ஊர் ரேஷன் கார்டில் இல்லாத ஆளுக்கு அரிசி வாங்கிய கதைதான்.

இன்னொன்றையும் நண்பர் கவனிக்க வேண்டும். 1972இல் கல்லூரிப் போட்டிகளில் சுமார் 30,000 பெண்கள். இன்று இரண்டு லட்சத்துக்கு மேல். ஆண்களும் குறையவில்லை. அன்று 1.7 லட்சம், இன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டியாயிற்று. சில விளையாட்டுகள் தேய்ந்தன, கால்பந்து ஊதியது.

இனிமேல்தான் பெரிய சண்டை. கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல் தந்த உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். பல இடங்களில் அதில் முக்கால் பங்கு கால்பந்துக்கு. இந்தப் பணத்துக்கும் டைட்டில் நைன் பொருந்தும் என்று அந்த ஜனவரியில் கல்வித் துறை சொன்னது. ஆட்சி மாறி, பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நண்பருக்குக் கடிதம் அனுப்பிய கல்லூரி, அதே வாரம் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சிக் கூடம் கட்டப்போவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் எந்தச் சட்டத்தின் பெயரும் இல்லை.

பெண்கள் மல்யுத்தத்தை 2025 ஜனவரியில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் தேசிய வாகையர் போட்டிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நண்பரின் இளைய மகளும் இந்தக் குளிர்காலத்தில் பள்ளிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். காது பணியாரமாகிவிடக் கூடாது என்று அவள் அம்மா இப்போதே காதுக்கவசம் வாங்கி வைத்துவிட்டார்.